லீலாவதிக்குச் சொல்லாத ஆட்டம்

பள்ளிக்கூடத்தின் பழைய சாப்ட்பால் பெண்களைத் தேடிக் கூட்டிவரும் பொறுப்பு தன்னிடம் வந்தபோது, லீலாவதிக்கு மட்டும் சொல்வதில்லை என்று அம்சவள்ளி அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

சாப்ட்பால் என்பது பேஸ்பாலுக்குத் தங்கை முறை. பந்து கொஞ்சம் பெரிது. கையை உயர்த்தி எறியக் கூடாது, இடுப்புக்குக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும். எழுபத்துமூன்றாம் வருடம் கோல சிலாங்கூரிலிருந்து போன பெண்கள் குழு ஒன்று, பெரிய பெரிய பட்டணத்துப் பள்ளிகளையெல்லாம் தோற்கடித்து மாநிலச் சாம்பியன் ஆனது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள், வயல்காட்டு மலாய்ப் பிள்ளைகள், கடைத்தெருச் சீனப் பிள்ளைகள் எல்லாம் கலந்த குழு. நடுவில் நின்று பந்து வீசியவள் லீலாவதி. அடிக்கிறவளுக்குப் பின்னால் இரும்பு முகமூடி போட்டுக் குந்தி உட்கார்ந்து, பந்தைப் பிடித்தவள் அம்சவள்ளி.

பத்திரிகையில் வந்த படத்தில் லீலாவதி சிரித்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளியின் முகமூடியும் சிரித்திருக்கலாம், யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டு வருடத்தில் அவரவர் வாழ்க்கை அவரவரை எங்கெங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டது. அம்சவள்ளியை மட்டும் எங்கும் கொண்டுபோகவில்லை. பிறந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மூன்று லயம் தள்ளி வாழ்க்கைப்பட்டாள். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தோட்டத்தில் செம்பனை போட்டார்கள். பால் மரம் வெட்டிய கை, உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கியது. புருஷன் காளியண்ணன் தோட்டத்து லோரி ஓட்டினான். பிள்ளை இரண்டு. பார்க்கப்போனால் குறை சொல்லும்படி ஒன்றுமில்லை, லீலாவதி வாழ்க்கைப்பட்ட ரவாங்கிலிருந்து யாராவது வந்து அவளைப் பற்றிப் பேசாத வரைக்கும்.

"லீலா வீட்டுல போன் வச்சிருக்கா."

"லீலா புருஷன் பேக்டரில சூப்பர்வைசராம். தங்கமான மனுஷன்."

"லீலா வீடு கல்லு வீடு லா, தரையெல்லாம் பளபளன்னு."

கேட்ட அன்றைக்கு அம்சவள்ளியின் குழம்பில் உப்பு கூடிவிடும்.

வீட்டையும் போனையும்கூட அவள் மன்னித்திருப்பாள். மன்னிக்க முடியாதது ஒன்று இருந்தது. எந்தப் பந்தை வீச வேண்டும் என்று பின்னால் குந்தியிருப்பவள்தான் விரலால் சைகை காட்டுவாள். ஒரு விரல் என்றால் வேகம். இரண்டு விரல் என்றால் மெதுவான பந்து. வீசுகிறவள் தலையாட்டிவிட்டு வீச வேண்டும். அந்தக் கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்துக்கு அம்சவள்ளி இரண்டு விரல் காட்டினாள். லீலாவதி அழகாகத் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு மின்னல் மாதிரி வேகப்பந்து ஒன்றைப் போட்டாள். அடிக்க வந்த பெண் காற்றைத்தான் அடித்தாள். மெதுவான பந்துக்குக் காத்திருந்த அம்சவள்ளியின் கட்டைவிரல் மடங்கி முறிந்தது. ஆனாலும் பந்தை விடவில்லை. எல்லாரும் ஓடிவந்து லீலாவதியைத் தோளில் தூக்கினார்கள். அம்சவள்ளி விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு முன்னும் லீலாவதி அப்படிச் செய்ததுண்டு. தலையை ஆட்டுவாள், தன் இஷ்டத்துக்கு வீசுவாள். 'என்னை ஒரு ஆளாகவே மதிக்கல' என்பதை அம்சவள்ளி பன்னிரண்டு வருடமாக நெஞ்சுக்குள் வைத்து, அவ்வப்போது எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் குழுவை வளர்த்த ரமணி டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறார். விளையாட்டு விழாவில் இப்போதைய பெண்களோடு பழைய சாம்பியன்கள் ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரே காரை ஓட்டிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டார்.

"நீதான் இங்கேயே இருக்கே, அம்சா. எல்லாரையும் கூட்டிட்டு வா. லீலாவை மறந்துடாதே, என்ன?"

"சரிங்க டீச்சர்" என்றாள் அம்சவள்ளி.

லீலாவதி வராவிட்டால் யாராவது வீச வேண்டும். ஒரே ஒரு நாள், முகமூடி இல்லாமல், எல்லாரும் பார்க்கிற நடு இடத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சாயங்காலமானால், ரப்பர் தாளைப் புகை போட்டு உலர்த்திய பழைய புகைக்கொட்டகையின் பின்சுவரில் பந்தை எறிந்து பழகினாள். லோரியைக் கழுவிக்கொண்டிருந்த காளியண்ணன் எட்டிப் பார்த்தான்.

"யாரு மேல கோவம்? செவுத்து மேலயா, என் மேலயா?"

"ஒங்க மேலன்னா இவ்வளவு தூரத்துல நின்னா எறிவேன்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஆளைத் தேடினாள். அடித்தவள் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் காவல் நின்ற இராஜம்மா சுங்கை பெசாரில் துணிக்கடை வைத்திருந்தாள். உடம்பு இரண்டு பங்காகியிருந்தது, வாய் மூன்று பங்கு. ஓட்டத்தில் மானை மிஞ்சிய ரொகாயா சுங்கை புரோங்கில் நெல் வயலும் ஐந்து பிள்ளைகளுமாக இருந்தாள். ஒருத்தி சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் தாதி. இன்னொருத்தி பிரசவத்தில் போய்ச்சேர்ந்து நாலு வருடமாகியிருந்தது. அதைக் கேட்டு அம்சவள்ளி அந்த வீட்டு வாசலிலேயே அழுதாள். ஆனால் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்.

"லீலா வர்றாளா?"

"அவளுக்கு எங்கடி நேரம்? பெரிய ஆளாயிட்டா" என்று எல்லா இடத்திலும் ஒரே பதிலைச் சொன்னாள்.

இராஜம்மா கேட்டுக்கொண்டாள். அன்றைக்கே கடை போனை எடுத்து ரவாங்குக்குச் சுழற்றினாள்.

விழா அன்று திடலில், பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு அம்சவள்ளி நடுவை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள். வேலியோரம் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவள் தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். 'படிச்சவ மாதிரி காட்டிக்க ஒரு கண்ணாடி வேற' என்று அம்சவள்ளி நினைத்து முடிப்பதற்குள், கூட்டம் "லீலா! லீலா!" என்று கத்தத் தொடங்கியது. ரமணி டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினார். இராஜம்மா மூச்சு வாங்க வந்து, அம்சவள்ளியின் கையிலிருந்த பந்தை வெகு இயல்பாகப் பிடுங்கி லீலாவதியின் கையில் வைத்தாள்.

"எப்படிடி இருக்கே, அம்சா?" என்று லீலாவதி கட்டிக்கொண்டாள். நல்ல வாசனை அடித்தது. அதுவும் பிடிக்கவில்லை.

மறுபடியும் இரும்பு முகமூடி. மறுபடியும் குந்தல். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி மட்டையோடு வந்து நின்றாள். அம்சவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விரலை நீட்டினாள்.

லீலாவதி தலையாட்டவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தாள். பிறகு வீசாமல் நேராக நடந்து வந்தாள்.

"என்னடி அது, கீழே விரலை நீட்டுறே?"

"வெளையாடுறியா?"

"இல்லடி, நெசமாத்தான் கேக்குறேன்."

"ரெண்டு விரல். மெதுவாப் போடுன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துல தெனம் காட்டுனேனே!"

லீலாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ! அப்பவும் காட்டுனியா? எனக்கு அங்கேருந்து நீ ஒரு கருப்பு உருண்டைடி. கையுறை மட்டும் கொஞ்சம் வெளுப்பாத் தெரியும். அதுக்குள்ள போடுவேன்."

"அப்புறம் எதுக்குடி தலையாட்டுனே?"

"டீச்சர்தான் சொன்னாங்க, அம்சா உக்காந்ததும் தலையாட்டிட்டுப் போடணும்னு. நான் சாமி கும்பிடுற மாதிரின்னு நெனச்சேன். கல்யாணமாகி, தப்பான பஸ்ஸுல ஏறி எங்கேயோ போய் எறங்குனேன் பாரு, அப்பத்தான் எங்க வீட்டுக்காரர் கண்ணாடிக் கடைக்கு இழுத்துட்டுப் போனாரு." அவள் சிரித்தாள். "தெரியலன்னு சொன்னா டீச்சர் குழுவுலேருந்து தூக்கிடுவாங்கன்னு பயம்டி."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் மனது இளகியிருக்கும். அம்சவள்ளிக்கும் ஒரு கணம் இளகப் பார்த்தது. வேண்டுமென்றே அவமதித்தாள் என்று பன்னிரண்டு வருடமாகத் தான் திட்டிக்கொண்டிருந்த லீலாவதி எதையுமே பார்த்திருக்கவில்லை. சரி, போகட்டும். ஆனால் அடுத்த கணமே அதைவிடப் பெரிய கோபம் ஒன்று பற்றிக்கொண்டது. கண் தெரியாமலேயே ஜெயித்திருக்கிறாளே! கண் இருந்து, கணக்குப் போட்டு, விரல் முறிந்து, நான் குந்தியே கிடந்தேனே!

முகமூடியைக் கழற்றினாள்.

"பந்தைக் குடு. இன்னிக்கு நான் போடுறேன்."

லீலாவதி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இந்தா. ஆசையா இருந்தா அப்பவே கேட்டிருக்கலாமேடி, குடுத்திருப்பேனே" என்று நீட்டினாள். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கக்கூடியதா அது? அம்சவள்ளிக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவில் போய் நின்றாள். லீலாவதி பின்னால் போய்க் குந்தினாள். புகைக்கொட்டகைச் சுவர் வீண்போகவில்லை. முதல் பந்தை அந்தப் பெண் தொடவில்லை. இரண்டாவதையும் தொடவில்லை. மூன்றாவதற்கு மட்டையைச் சுழற்றியே விழுந்தாள். அம்சவள்ளியே பின்னால் குந்தியிருந்தால் அந்தப் பெண் அவுட். ஆனால் மூன்றாவது பந்தைப் பின்னாலிருப்பவள் பிடிக்காமல் விட்டால் அடித்தவள் எழுந்து ஓடலாம் என்று இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. லீலாவதி பிடிக்கவில்லை. பந்து அவள் காலுக்கிடையில் புகுந்து வேலிக்கு ஓடியது. கண்ணாடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பாவாடையை மறு கையால் தூக்கிக்கொண்டு அவள் பந்தின் பின்னாலேயே ஓடினாள். கூட்டம் கைதட்டி, விசில் அடித்துச் சிரித்தது. பள்ளிக்கூடப் பெண் நிதானமாக முதல் பேஸில் போய் நின்றுகொண்டாள்.

நடுவில் அம்சவள்ளி நின்றாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பந்துகள் வேலிக்கே போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பெண்கள் சுற்றிச் சுற்றி ஓடிப் புள்ளி சேர்த்தார்கள்.

"அம்சா, நீ பின்னால போ லா!" என்று ரொகாயா தூரத்திலிருந்து கத்தினாள்.

"போடி, புண்ணியமாப் போவும். மானம் போவுது" என்றாள் இராஜம்மா.

"போக மாட்டேன்."

ஒருவழியாகப் பள்ளிக்கூடப் பெண்கள் அடிக்கும் முறை முடிந்து எல்லாரும் நிழலுக்கு வந்தபோது, ரமணி டீச்சர் லீலாவதிக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தார். "தோக்குறோம்னு தெரிஞ்சும் விட்டுக்குடுத்து ஆடுற பாரு, அதுதான்மா பெரிய மனசு" என்றார்.

வீங்கிப்போன விரலை ஊதிக்கொண்டு லீலாவதி அம்சவள்ளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எம்மாடி! இந்த வேலைய எப்படிடி அத்தனை நாள் செஞ்சே? ஒன்னை மாதிரி இன்னொருத்தியால முடியாது."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள அம்சவள்ளிக்கு மனம் வரவில்லை. முகமூடியைத் திரும்ப என் தலையில் மாட்டப் பார்க்கிறாள் என்றுதான் பட்டது. பழைய சாம்பியன்கள் மூன்று பேர் அடித்து, மூன்று பேரும் அவுட்டாகி முடிவதற்குள் அவள் பந்தைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி களம் இறங்கும் நேரம் வந்ததும், யாரும் வாய் திறப்பதற்கு முன்னால், விடுவிடுவென்று நடுவுக்கு நடந்தாள்.