காலியாக விட்ட பதினான்காம் கேள்வி

இஸ்திரி மெஷினின் மேல்தட்டு கைமேல் இறங்கியபோது லிஃப்ட்காரர் அலறவில்லையாம். மனைவியின் கொண்டையைப் பிடித்திருந்த இடது கையை மட்டும் விட்டாராம். அலறல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. வந்தபோது மூன்றாம் மாடியில் மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சலவைக்கூடம் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. இஸ்திரி மெஷினில் கீழே மெத்தை வைத்த பலகை, மேலே கொதிக்கும் இரும்புத் தட்டு, தரையில் ஒரு கால்மிதி. மிதித்தால் தட்டு இறங்கும். அன்று மதியம் லிஃப்ட்காரர் கீழே வந்து மனைவியின் தலையைத் தட்டுக்கு அடியில் தள்ளப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவில் உப்பில்லை என்பது அன்றைய காரணம். பிடிமானத்துக்காக வலது கையைப் பலகையில் ஊன்றியிருந்தார். அவள் முகம் பலகைக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. மிதித்துவிட்டாள்.

எல்லாருக்கும் அவள் சலவை அக்காதான். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். ரத்தம் தோய்ந்த விரிப்பை மோந்து பார்த்தே எந்த வார்டு என்று சொல்வாள். இடது காது கேட்காது. யார் பேசினாலும் வலது பக்கத்தைத் திருப்பி நிற்பாள். மெஷின் இரைச்சலால் வந்தது என்று சொல்லி வைத்திருந்தாள். லிஃப்ட்காரரைப் பிடிக்காதவர்கள் அங்கே கிடையாது. நடக்க முடியாத கிழவிகளைத் தோளில் தாங்கி ஏற்றுவார், குழந்தைகளைப் பொத்தானை அமுக்க விடுவார்.

எனக்கு அக்காவைத் தெரிந்தது ஆராய்ச்சியால். உளவியல் மூன்றாம் ஆண்டில் இரண்டிரண்டு பேராக ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். என் கூட்டாளிக்கு வகுப்பில் பென்சில் என்று பெயர், ஒல்லி, கூர்மை. எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். மருத்துவமனைத் தொழிலாளர்களின் தூக்கமும் உடல்வலியும் என்பது எங்கள் தலைப்பு. நாற்பது பேர், ஆளுக்கு இருபது கேள்வி. பதினான்காவது: கடந்த ஒரு மாதத்தில் வீட்டில் யாராவது உங்களை அடித்தார்களா?

அக்கா பத்தொன்பது கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுத் தாளை நீட்டினாள். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று விரலால் காட்டினேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"அது அப்படியே இருக்கட்டும் தம்பி. இல்லைன்னு எழுத கை வரலை. ஆமான்னு எழுதினா, வீட்டுக்குப் போனா உடம்பு தாங்காது."

எங்கள் பேராசிரியைக்குக் காலிக் கட்டம் ஆகாது. ஒரு கட்டம் விட்டுப்போனாலும் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பியிருந்தார். மறுபடி கீழே போய் அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நூலக மேசையில் உட்கார்ந்து, அவள் எழுதிய அதே நீல மையில், "இல்லை" என்று எழுதினேன். மூன்றெழுத்து. பென்சில் பார்த்துக்கொண்டிருந்தாள். "போடு, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள்.

கை நசுங்கிய நான்காம் நாள் மருத்துவமனை விசாரணை வைத்தது. தலைமைச் செவிலியும் இரண்டு அதிகாரிகளும். வேண்டுமென்றே செய்தாள் என்றால் வேலை போகும், போலீசுக்கும் எழுதுவார்கள். தப்பிக்கச் செய்தாள் என்றால் விட்டுவிடுவார்கள். லிஃப்ட்காரர் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்து அழுதார். ஒன்பது வருஷத்தில் ஒரு அடி அடித்ததில்லையாம். அறை முழுக்க அவருக்காக உச்சுக்கொட்டியது.

அக்காவுக்குச் சாட்சி இல்லை. அடி விழுந்ததெல்லாம் வீட்டுக்குள். ஆனால் அவளுக்கு ஒன்று நினைவிருந்தது.

"காலேஜ் பசங்க ஒரு தாள் கொடுத்தாங்க. இது நடக்கறதுக்கு முன்னாடி. என் தாளை எடுத்துப் பாருங்க. அடிச்சாரான்னு கேட்டதுக்கு நான் இல்லைன்னு எழுதலை."

அவளே கேட்டதால் தாளைக் கொண்டுவர எங்களைக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் பென்சில் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினாள். வாயைத் திறந்தால் நாற்பது தாளும் குப்பை, ஒரு வருஷம் மண், உனக்குத்தான் பேசவே வராதே, இன்றைக்கும் வராமல் இருக்கட்டும் என்றாள். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது.

தலைமைச் செவிலி தாளைப் படித்தார். பிறகு அக்கா பக்கம் திருப்பிக் காட்டினார். "இல்லைன்னுதானேம்மா இருக்கு?"

அக்கா தாளைப் பார்த்தாள். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துத் தேய்த்தாள், கறையைத் தேய்ப்பதுபோல. அப்புறம் என்னைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் அழுவதை நிறுத்தியிருந்தார்.

"அது நான் எழுதினது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கட்டம் காலியாக இருந்ததையும், மெஷின் பக்கத்தில் அவள் சொன்னதையும், ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன்.

லிஃப்ட்காரர் நாற்காலியை உதைத்துவிட்டு நல்ல கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். என்னை நோக்கி அல்ல. அக்காவின் இடது பக்கம், கேட்காத காதை நோக்கி, பழகிய இடத்துக்கு. அதிகாரிகள் இருவரும் சேர்ந்து பிடித்தும் விரல்நுனி அவள் கன்னத்தில் கீறிவிட்டது. அவள் நகரவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரிந்து, கண்ணை மட்டும் முன்கூட்டியே மூடிக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. அக்காவின் வேலை தப்பியது. லிஃப்ட்காரர் மேல்தான் போலீசுக்கு எழுதினார்கள்.

படிக்கட்டில் பென்சில் என்னை அறைந்தாள். மூக்கில் ரத்தம் வந்தது. பேராசிரியை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மிச்சத் தாள்ல எத்தனை 'இல்லை' உங்களுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டு, கட்டை அப்படியே அலமாரியில் போட்டுப் பூட்டினார். எங்கள் இருவருக்கும் இன்னொரு வருஷம்.

மறுவாரம் மன்னிப்புக் கேட்கச் சலவைக்கூடத்துக்குப் போனேன். அக்காவின் கன்னத்தில் கீறல் காய்ந்திருந்தது. ஒரு விரிப்பைப் பலகையில் பரப்பி, சுருக்கத்தை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பலகையின் ஓரத்தில் கையை ஊன்றி, வந்த விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

"நீ எழுதினதைத்தான் தம்பி ஒன்பது வருஷமா நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்" என்றாள். பிறகு காலைத் தூக்கினாள். "கையை எடு. தட்டு இறங்குது."