தொப்பியில் விழுந்த புள்ளிகள்

அச்சாபீஸில் செக்கிங் வேலை என்றால், நல்ல ஷீட்டை விட்டுவிட்டுக் கெட்டதையே நாளெல்லாம் தேடுகிற வேலை. அரிசியில் கல் பொறுக்குகிற உங்களுக்கும் இந்தக் கண்வலி தெரிந்திருக்கும். சிவகாசியில் வெடி லேபிளோ காலண்டரோ, ஒரு புள்ளி விழுந்திருந்தாலும் நான் கழித்துவிடுவேன்.

நெல் அவிக்கிற தொப்பி

ஒருநாள் முதலாளி பார்சலைப் பிரித்து என் மேஜையில் ஒரு தொப்பியை வைத்தார். அயர்லாந்தில் கைத்தறியில் நெய்த கம்பளித் துணியாம். அதற்கு அட்டைப்பெட்டி செய்ய வேண்டும். மூடியில் தொப்பியின் படம். படம் அந்தத் தொப்பிக் கம்பெனிக்குப் பிடித்தால்தான் ஆர்டர். கிடைத்தால், காலண்டர் சீசன் முடிந்து மிஷின் சும்மா கிடக்கிற தை, மாசியிலும் எல்லாருக்கும் வேலை.

பெட்டி ஒட்டுகிற செல்வி ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வருகிறவள். தை பிறந்தால் முதலில் வீட்டில் உட்காருவது அவள்தான். தொப்பியைப் போட்ட வேகத்தில் வேர்த்துப்போய்க் கழற்றினாள்.

“யாத்தே, இதுக்குள்ள நெல்லே அவிக்கலாம் போலிருக்கே.”

கழுவிய படம்

பழுப்புத் துணியில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகப் பொடிப் பொடியாய்ப் புள்ளிகள். தூசி என்று நினைத்து, கம்ப்யூட்டரில் படம் செய்கிற கண்ணன் ஒவ்வொன்றாக அழித்தான். படம் பளிச்சென்று இருந்தது; நானும் சரி என்றேன். அனுப்பியதும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அந்தப் புள்ளிகள் நூலோடு சேர்த்து நூற்ற கலர் கம்பளியாம், அதுதான் அந்தத் தொப்பிக்கே அழகாம். இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பார்களாம். கண்ணன் தலையில் கை வைத்தான்.

“ரெண்டு நாளா அழிச்சேனேக்கா, அது அவுக ஆசையாப் போட்ட புள்ளியா?”

எது கம்பளி?

கண்ணன் புள்ளிகளோடு படத்தைத் திரும்பச் செய்தான்; மாதிரிக்கு மறுபடி அச்சு ஓடியது. தொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷீட் ஷீட்டாகப் பார்த்தேன். கம்பளிப் புள்ளி இருக்க வேண்டும், மிஷின் தூசியால் விழுகிற புள்ளி இருக்கக் கூடாது. தூசிப் புள்ளியைச் சுற்றி மெல்லிசாய் வெள்ளை வளையம் தெரியும். அப்படி ஒன்று தொப்பிப் படத்தின் ஓரத்தில் விழுந்ததும் மிஷினை நிறுத்தச் சொன்னேன். மிஷின்மேன் சங்கரலிங்கம் துணியை எடுத்துத் துடைத்தபடியே கெஞ்சினார்.

“அதையும் கம்பளின்னே வச்சுக்கிடுங்களேன்க்கா.”

போன்

மாதிரிப் பெட்டிகள் போய்ச் சேர்ந்த பிறகு, போன் அடித்தாலே எல்லாரும் வேலையை நிறுத்திவிடுவோம். கடைசியில் அந்தப் போன் வந்தது. முதலாளி காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்; பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஆர்டர் உறுதி. மாசி முடியும்வரை வேன் வரும் என்றார். செல்வி தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினாள். நெற்றியில் வேர்வை வழிந்தும் கழற்றவில்லை. கறை படும், கழற்று என்றேன்.

“இருக்கட்டும்க்கா, மாசி வரைக்கும் வேர்க்கட்டும்.”

புள்ளி விழுந்த ஷீட்டைக் கழித்தே தலை நரைத்த நான், இப்போது ஒரு புள்ளி குறைந்தாலும் மிஷினை நிறுத்தச் சொல்கிறேன்.