அத்தை நிறுத்திய உப்பு

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பெரிய பாட்டில்ல ஆறு," என்றாள் அத்தை.

"உப்பு?"

"சுத்தமா நிறுத்திட்டேன். நீங்கதானே பிரஷருக்குக் குறைக்கச் சொன்னீங்க?"

"குறைக்கத்தான் சொன்னேன்."

"அரைகுறையா ஒரு வேலை செஞ்சு எனக்குப் பழக்கமில்லை டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று நாள் முன்னால் இதே அத்தைக்கு என்னை யாரென்று தெரியவில்லை.

அத்தை, அப்பாவின் தங்கை. இருபத்திரண்டு வருஷமாகச் சலவைக்கூடத்தில் வேலை. விடுதிகளிலிருந்து வரும் ஈரப் படுக்கை விரிப்புகளை, எதிரே ஒருத்தி நிற்க, ஓரம் பிடித்து, துணியைத் தேய்க்கும் நீராவி உருளைக்குள் விட வேண்டும். விரல் ஒரு நொடி பிந்தினால் வெந்துவிடும். மத்தியானத்துக்குள் ரவிக்கை நனைந்து காய்ந்து, முதுகில் வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கும். அவ்வளவும் உடம்பு விட்ட உப்பு.

ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையும் உப்பைச் சிறுநீரோடு இறக்கும் வகை. அத்தை வீட்டில் தனக்கென்று உப்பில்லாத தனிச்சட்டி வைத்தாள். "உன்னைக் கட்டிக்கிட்டதே போதும், இதை வேற நான் திங்கணுமா?" என்று மாமா தன் தட்டை நகர்த்திக்கொண்டார்.

மூன்றாம் வாரம் தலைவலி வந்தது. சூடு என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தாள். உப்பில்லாமல் சேர்ந்த தண்ணீர் ரத்தத்தை நீர்க்க வைத்து, மூளைக்குள்ளும் புகுந்து வீங்க வைத்தது. மடித்த விரிப்பையே பிரித்துப் பிரித்து மடித்தாள். ஒரு நாள் விரிப்பைப் பிடிக்காமலே வெறுங்கையை உருளைப் பக்கம் நீட்டினாள். எதிரே நின்றவள் ஓடி வந்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும்.

"மூளை கலங்கிடுச்சு, வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க," என்று மேற்பார்வையாளர் மாமாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

என்னையே அடையாளம் தெரியாமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நரம்பு வழியாக உப்பைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கே கேடாம். சில மணிக்கொரு முறை ரத்தம் எடுத்தார்கள். "ஒரு கை உப்பை வாயில போட்டா முடிஞ்சது, இதுக்கு இத்தனை ஊசியா?" என்று அத்தை சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பைக் கேட்டதும்தான் மாமா வெளியே போய் முகம் கழுவி வந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாத்திரையை மாற்றி எழுதினார்கள். உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளவும் சொன்னார்கள். அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சலவைக்கூடத்தில் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பதாகக் காலையில்தான் சேதி வந்திருந்தது.

"உனக்குத்தான் ஆபீஸுக்கு எழுதுற பாஷை தெரியுமே," என்றாள். "மேற்பார்வையாளருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடும்மா. மூளை கலங்கலை, உப்பு இறங்கிடுச்சு, இப்ப சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னபடியே எழுது. பாவம் பாத்து வேலை கொடுங்கன்னு மட்டும் எழுதிடாதே."