துடுப்பில் கட்டிய போன்

முன்னறைச் சுவரில் சாய்ந்து நிற்கும் பழைய துடுப்பை விறகாக்கிவிடலாம் என்று உங்கள் அம்மா அடிக்கடி சொல்வாள். நான் விடுவதில்லை. அதன் கழுத்தில் ஒரு நீல நைலான் கயிறு இன்னும் கிடக்கிறது பாருங்கள் பிள்ளைகளே. உங்கள் அத்தையை வெளிநாட்டு ஆஸ்பத்திரி மேடம் ஒருவர் போனில் முகம் பார்த்து இன்டர்வியூ செய்த அன்று, போன் அவள் முகத்துக்கு நேராக நிற்பதற்காக நான் கட்டிய கயிறு அது. "அண்ணா, மேடத்துக்கு மீன் மணக்கும் ஆக்கும்" என்று கேலி செய்தாள். ஆனாலும் போன் கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

நம் வீட்டில் நெய்யாற்றின்கரை வரை போய் நர்சிங் படித்தவள் அவள் ஒருத்திதான். வெளிநாட்டு வேலைக்கு முன்பே இரண்டு தடவை இங்கிலீஷ் பேச வராமல் தோற்றிருந்தாள். இதுவும் போனால் இறால் உரிக்கப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

போனில் வந்த மேடம் அவள் பதற்றத்தைப் பார்த்துவிட்டு, ஆள் எடுப்பது தனக்கும் அன்றுதான் முதல் தடவை என்று சொல்லி, "வீ ஆர் இன் த சேம் போட்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு 'போட்' மட்டும்தான் பிடிபட்டது. அத்தைக்கும் அப்போது அவ்வளவுதான் போல; மற்றதெல்லாம் அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நோ மேடம். ஐ நெவர் வென்ட் இன் போட். மை பிரதர் ஒன்லி."

நம் கரையில் பெண்கள் கடலுக்குப் போவதில்லையே. அவள் உள்ளதைச் சொன்னாள். இந்த வேலையும் போச்சு என்று எனக்கு உயிரே போய்விட்டது.

மேடம் சிரித்துவிட்டு விளக்கினார். 'நாம் ஒரே வள்ளத்தில் இருக்கிறோம்' என்று, ஒரே சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாம் அது. உனக்குள்ள கஷ்டம்தான் எனக்கும் என்று அர்த்தம். நாளைக்குப் பரீட்சை, நீயும் படிக்கவில்லை, உன் கூட்டுகாரனும் படிக்கவில்லை என்றால் நீங்களும் சொல்லலாம். சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தைக்கு இப்போது விஷயம் பிடிபட்டது. பிறகு, அண்ணனுடைய வள்ளத்தில் தண்ணீர் ஏறினால் யாருடைய வேலை என்று எவரும் கேட்பதில்லை, எல்லோரும் கோரி ஊற்றுவார்கள், உங்கள் வார்டிலும் நான் அப்படியே செய்வேன் என்றாள். இங்கிலீஷ் தப்பும் தவறுமாகத்தான் இருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை. வேலை கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். வார்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் பிள்ளை வீட்டை நினைத்து அழுததாம். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னாளாம்.

"அண்ணா, இப்ப நானும் வள்ளத்துல ஏறியாச்சு ஆக்கும்."

நான் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் காட்டினேன். "உனக்க துடுப்பு இங்க உண்டு மக்கா."