செம்புத் தகட்டைத் தொட்டவர்

விருதுநகர் பொருட்காட்சியில் ஒரு கடை வாசலில் ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ என்று எழுதியிருந்தது. வெளிநாட்டில் பழசாகி வந்த கனத்த தலைக்கவசம் ஒன்று. அதை மாட்டிக்கொண்டால் வேறு உலகத்துக்குள் நிற்பதுபோல் இருக்குமாம். கடைக்காரருக்குப் புருவம் இல்லை. கவசத்தை எடுக்கும்போதெல்லாம் கம்பத்தில் அறைந்திருந்த செம்புத் தகட்டை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

“அது எதுக்குண்ணே?”

“பட்டாசுக் கம்பெனிப் பழக்கம், தங்கச்சி. வெடிமருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன உடம்புல உள்ள கரண்டு இறங்கணும்னு தொடுவோம்.”

“இதுல மருந்து இல்லையே?”

“இல்லதான். கை கேக்க மாட்டேங்குது.”

ஆறு வயது மகள் நச்சரித்ததால் சம்மதித்தேன். கவசம் அவள் முகத்தை மூடிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

“பிள்ளை கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லல.” புருவம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, “மருந்து ரூம்லயும் அப்படித்தான் சொன்னாக,” என்றார்.

“கழட்டிருங்கண்ணே.”

என் அவசரத்திலும் அவர் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் கழற்றினார். மகள் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்டாள். இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போதும் அவள் கண்ணைக் கசக்கினால் புருவமில்லாத அந்த முகம் நினைவுக்கு வருகிறது. ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபப்படுகிறேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் அப்படிச் சொல்லாமல் விட்டவர் அவர் ஒருவர்தான் என்பதும் நினைவுக்கு வருகிறது.