பீரங்கியில் காயப்போட்ட சேர்ட்

எங்களுக்குக் கலியாணமாகி முதல் மாரிகாலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் இருக்கும் தீவில் வெள்ளைக்காரர் காலத்துப் பூங்கா ஒன்று உண்டு. மழைநாளில் அங்கே யாரும் போவதில்லை என்பதாலேயே எனக்குப் போக ஆசை. கிண்ணியாவைச் சேர்ந்த காதர் நானா தன் வள்ளத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

"நாலு மணிக்கு வருவன், தங்கச்சி. அதுக்குள்ள ஏதும் ஆபத்தெண்டா வெள்ளைத் துணி ஒண்டைக் காட்டுங்க. நான் கரையில நிண்டாலும் தெரியும்."

பூங்கா முழுவதும் எங்களுக்கே. தூறலில் இவருடைய வெள்ளைச் சேர்ட் நனைந்துவிட்டது. வெயில் எட்டிப்பார்த்ததும் அதைக் கடலைப் பார்த்திருந்த பழைய பீரங்கியில் காயப்போட்டேன். சற்று நேரத்தில் வானம் கறுத்துக் காற்று கிளம்பியது. சேர்ட்டை மறந்து, பிட்டுப் பார்சலோடு பாழடைந்த மண்டபத்துக்குள் ஓடினோம். உள்ளே ஒரே கதையும் சிரிப்பும்தான்.

திடீரென வாசலில் நானா நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஆருக்கு என்ன? பாம்பு கடிச்சதோ?"

"இல்லையே நானா, ஏன்?"

அவர் கை நீட்டினார். பீரங்கியில் சேர்ட் படபடத்தது.

"ஒண்டுமில்லைத்தானே? அது போதும்" என்று அப்படியே தரையில் இருந்துவிட்டார்.

இப்போதும் கடலோரத்தில்தான் குடியிருக்கிறோம். மாரியில் வெள்ளைத் துணிகளை வீட்டுக்குப் பின்புறமே காயப்போடுகிறேன். கடலுக்குத் தெரிந்தால், எங்கோ ஒருவர் வள்ளத்தைக் கடலில் இறக்கிவிடுவார்.