வாய் திறக்காத வகுப்பு

பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் பட்டப்பின்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்த விதம் மிக எளிமையானது. அதை யார் தலையில் கட்டுவது என்று பேசிய கூட்டத்துக்கு என்னால் போக முடியவில்லை. நான் ஏறிய பஸ் கினிகத்தேனையில் பழுதாகி நின்றுவிட்டது. வீதியோரக் கடையில் நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே என் அனுபவத்தையும் அர்ப்பணிப்பையும் ஏகமனதாகப் புகழ்ந்து முடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்குக் கல்லூரி, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போகிறவருக்கு ஒன்றுமே வேண்டாம். நன்றாகப் பரீட்சை எழுதியவர் நன்றாகக் கற்பிப்பார். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு நன்றாகச் சமைக்கவும் வரும் என்பது போல.

ஹட்டன் நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கற்கை நிலையம் இருந்தது. தகரக் கூரை. வார இறுதிகளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு வருவார்கள். அவர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள், தாங்களே இன்னும் ஆய்வு செய்துகொண்டிருக்கும் இளையவர்கள். நான் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு கீழே தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய், அவர்கள் மனம் நோகாதபடி உண்மையைச் சொல்லப் பார்ப்பேன். இரண்டும் ஒரே நேரத்தில் முடிகிற காரியமில்லை.

அவர்களில் ஒரு தம்பி ஸ்லைடுகளைத் திரையில் போட்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரி விடாமல் வாசிப்பார். மின்சாரம் போனால் அவரும் நின்றுவிடுவார். மின்சாரம் வந்ததும் நிறுத்திய சொல்லிலிருந்தே தொடர்வார். "பிள்ளைகளைத் திரும்பிப் பாருங்க தம்பி" என்றேன். அடுத்த வாரம் மிகவும் பணிவாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

இன்னொருத்தி உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அம்மா இன்னும் மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் படித்து, புவியியலில் பட்டம் பெற்று, மலைநாட்டு மழையைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஆரம்பத்தில் அவளும் எல்லோரையும் போலத்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "விளங்குச்சா?" என்பாள். "விளங்குச்சுங்க மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் டிக்கோயாத் தோட்டமொன்றில் பிறந்தவள்தான். எங்கள் ஊரில் காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுப்பார்கள். முன்னால் நிற்பவர் சொல்வார், எதிரே நிற்பவர்கள் தலையாட்டிவிட்டு மலை ஏறுவார்கள். திருப்பிக் கேட்டால் வாய்க்கொழுப்பு என்று பெயர். பாடசாலைக்குப் போனால் அங்கேயும் அதே சட்டம். இப்படிப் பரம்பரையாகத் தலையாட்டி வந்தவர்களிடம் போய், ஏன் கேள்வி கேட்கவில்லை என்று பல்கலைக்கழகம் மிகவும் ஆச்சரியப்படும்.

"விளங்குச்சான்னு கேக்காதீங்க" என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன். அதற்குப் பதிலாக என்ன கேட்பது என்று, உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியாது. என் பயிற்சிக் கையேட்டில் அந்த இடத்தில் ஓர் அழகான படம் இருந்தது.

வழி கண்டுபிடித்தது அவள்தான். ஒரு சனிக்கிழமை வகுப்பின் தொடக்கத்திலேயே சொன்னாள்: "இன்னிக்கு நடுவுல ஒரு பொய் சொல்லப்போறேன். புடிங்க பாப்போம்."

முதல் நாள் யாரும் பிடிக்கவில்லை. மிஸ்ஸைப் பொய்க்காரி என்று எப்படிச் சொல்வது? இரண்டாம் வாரம் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிக்கணும் மிஸ், அது கொஞ்சம்..." என்று இழுத்தான். அவள் கைதட்டினாள். அதோடு அணை உடைந்தது. கினிகத்தேனையிலிருந்து வரும் ஒரு பிள்ளை இருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் வாய் நீளம். பொய் எது, உண்மை எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பிடித்தாள். பாதி நேரம் அவள் பிடித்தது, மிஸ் தெரியாமல் விட்ட நிஜப் பிழையாகவே இருந்தது. என் சேவைக்காலத்தில், நேரம் முடிந்தும் பிள்ளைகள் எழுந்து போக மறுத்த ஒரே வகுப்பை அங்கேதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி ஒன்று வந்தது. கிடைத்தால் உடப்புசல்லாவைப் பெண் ஆய்வை முடிக்கலாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் மாமா பார்த்துவைத்திருந்த துணிக்கடைக் கணக்கு வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்லைடுத் தம்பியும் அவளும் மட்டும்தான் விண்ணப்பித்திருந்தார்கள். தேர்வுக் குழு நேரே ஹட்டனுக்கு வந்து இருவரின் வகுப்பையும் பார்க்கும் என்று அறிவித்தார்கள். மலையகத்தின் மீது அவ்வளவு அக்கறை. அக்கறையோடு வந்திறங்கிய மூவரும், நீர்வீழ்ச்சி எந்தப் பக்கம் என்றுதான் முதலில் விசாரித்தார்கள்.

நல்ல மழை. அவர்களுக்கு வடையும் தேநீரும் கொடுத்துவிட்டு, நான் வகுப்பு வாசலுக்கு வந்தேன். கினிகத்தேனைப் பிள்ளை ஓடிவந்து என் காதருகில் சொன்னாள்: "கவலப்படாதீங்க மேடம். நாங்க எல்லாரும் பேசி வச்சிக்கிட்டோம். இன்னிக்கு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம். பெரியாளுங்க முன்னால நம்ம மிஸ் அக்காவ மாட்டிவிடுவோமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ பிள்ளை, கேள்வி கேக்கணும்!" என்று சொல்ல வாயெடுத்தேன். குழுத் தலைவர் வடை தின்ற கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னாலேயே நின்றிருந்தார். "போவமா?" என்றார். போனோம்.

அவள் நன்றாகத்தான் தொடங்கினாள். ஒரு கேள்வி கேட்டாள், வகுப்பு அன்போடு அவளைப் பார்த்தது. இன்னொன்று கேட்டாள், இன்னும் அன்போடு பார்த்தது. பையன்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சனம் ஒருவர் மீது பாசம் வைத்துவிட்டால், அவரைக் காப்பாற்றியே ஒருவழி பண்ணிவிடும். அவள் என்னைப் பார்த்தாள். நான் எதைச் செய்ய? எனக்கு அங்கே பேச அனுமதியில்லை. பயிற்சியளித்தவர் பார்வையாளர் மட்டுமே.

அப்போதுதான் அவள் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

"தென்மேல் பருவக்காத்து வீசுற இந்த மாசங்கள்ல," என்று நிதானமாகச் சொன்னாள், "மழை கூடுதலா பெய்றது உடப்புசல்லாவையில. கினிகத்தேனையில மழையே இல்ல."

மேலே தகரத்தில் மழை அடித்த அடியில் அவள் குரலே பாதிதான் கேட்டது. இந்தக் காலத்தில் கினிகத்தேனையில் குடை காயாது. உடப்புசல்லாவை மலைக்கு அந்தப் பக்கம், அங்கே இப்போது காய்ந்த காற்று அடிக்கும். இது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கினிகத்தேனைப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் பாவாடை ஓரம் ஈரமாக இருந்தது.

"யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள். கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

"விளங்குச்சுங்க மிஸ்!" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

குழுவினர் மூவரும்கூடத் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்தும் கொண்டார்.

முடிந்ததும் தலைவர் எழுந்தார். "மிகவும் ஒழுக்கமான வகுப்பு. அமைதி. மரியாதை. எங்களுக்கு நல்ல திருப்தி" என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். பேசாமல் இரு, பெண்ணே, என்று மனதுக்குள் அவளைக் கும்பிட்டேன்.

"சேர், ஒரு நிமிஷம்" என்றாள் அவள். "நான் மழையப் பத்திச் சொன்னது பொய். வேணும்னுதான் சொன்னேன். ஒருத்தராவது மறுத்துப் பேசுவாங்கன்னு பாத்தேன். அத அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல."

தலைவர் கூரையைப் பார்த்தார். மழையை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. பிறகு, "நாங்களும் கவனித்தோம். இறுதியில் சொல்லலாம் என்று இருந்தோம்" என்றார்.

மாணவர் முன் பிழையான தகவல் வழங்கினார், பாட அறிவு போதாது என்று முடிவு வந்தது. ஸ்லைடுத் தம்பியிடம் பிழையே இல்லை. ஸ்லைடில் இருந்ததைத் தவிர அவர் எதையும் சொல்லவில்லையே. நான் மூன்று பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதினேன். என் அர்ப்பணிப்பை மீண்டும் பாராட்டினார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில், அந்தப் பயிற்சிக் கையேட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அது சரியாகக்கூட எரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் கடைசி வகுப்பு. நான் கடைசி வாங்கில் இருந்தேன். பிள்ளைகள் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். அவள் உள்ளே வந்து, குடையை மூலையில் சாத்திவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

"கினிகத்தேனையில மழையே இல்ல."

 கினிகத்தேனைப் பிள்ளை எழுந்தாள்.

"பொய்யிங்க மிஸ்!" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அன்னிக்கும் பொய்தாங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். நாங்கதாங்க உங்க வேலைய..."

"தெரியும்னு எனக்கும் தெரியும். அழுவாதீங்க. ஏன் கினிகத்தேனைக்கு மழை வருது, உடப்புசல்லாவைக்கு வரல? அதச் சொல்லிட்டு உக்காருங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். காற்று மலையில் ஏறுவதைச் சொன்னாள், மேகம் குளிர்வதைச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் பிழைவிட்டாள். முன்வரிசைப் பையன் பாய்ந்து பிடித்தான். அவனை இன்னொருத்தி பிடித்தாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. கண்ணைத் துடைப்பதுதான் வேலையாக இருந்தது.

மாதக் கடைசியில் அவள் கொழும்புக்குப் போனாள். வகுப்பு ஸ்லைடுத் தம்பியிடம் போனது.

போன வாரம் அவரிடமிருந்து எனக்கொரு முறைப்பாடு வந்தது. அந்த வகுப்பில் ஒழுக்கம் அறவே இல்லையாம். ஒரு ஸ்லைடு முடிவதற்குள் ஏன், எப்படி, யார் சொன்னது என்று எழுந்து நிற்கிறார்களாம். இதற்கு ஏதாவது பயிற்சி இருந்தால் தயவுசெய்து ஏற்பாடு செய்யவும் என்று கேட்டிருந்தார்.

துணிக்கடை மூடும் நேரம் பார்த்து அவளுக்கு ஃபோன் எடுத்து, அதை முழுவதும் வாசித்துக்காட்டினேன்.  

"மேடம்," என்றாள் கேட்டு முடித்ததும், "மொதல்ல எந்திரிச்சது கினிகத்தேனைதானுங்களே?"